கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் என்னை வழியனுப்பிய கதை

குடும்பத்தோடு போய் வாழ்வதற்குக் கொழும்பு நல்லதா, சிங்கப்பூர் நல்லதா என்று என் புகுந்த வீட்டு முன்னறையில் ஒன்பது வருஷம் பேசினார்கள். ஒன்பது வருஷம்! பேச ஆரம்பித்த அன்றைக்கு ஒரு தென்னம்பிள்ளையை நட்டிருந்தால் தேங்காய் வெட்டி எண்ணெய் ஆட்டியிருக்கலாம். பேசினவர்கள் எல்லாரும் ஆண்கள். போக வேண்டியவள் நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. காப்பி எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், மிஷன் கோயிலைச் சேர்ந்தவர்கள். மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாறு போகிற பாதையில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. சுதந்திரம் கிடைத்த வருஷம் எனக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கிளார்க். நான் வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு, மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை வரும் என்று காத்திருந்தவள். மாமனார் கோயில் மூப்பர், ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுகிறவர். எனக்கும் ஒரு நியாயம் சொன்னார்: "கொளும்புக்குப் போவப்போற பெண்ணுக்கு இஞ்ச என்னத்துக்காக்கும் வேலை? அது போவட்டு மக்களே." எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மாசத்தில் கப்பல் ஏறப் போகிறோமே, எதற்கு வீம்பு என்று நானும் விட்டேன். என் வீட்டுக்காரர் லீவு முடிந்து கொழும்புக்குப் போனார். நான் அடுக்களைக்குள் போனேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொழும்போ, சிங்கப்பூரோ, பாதாளமோ, என் வீட்டுக்காரரும் நானும் மறுவருஷம் பிறந்த என் மகளும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். அவருக்கு நான் சோறு போட வேண்டும், மகள் அவர் முதுகில் ஏறி விளையாட வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறே ஆட்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கொழும்புக் கட்சிக்குத் தலைவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கும் கொழும்பில்தான் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்த அன்றே வெள்ளை டிரில் கோட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சித்திரை மாச வெயிலில் கோட்டு! கக்கமெல்லாம் நனைந்து வடியும், கழற்றமாட்டார். சிங்கப்பூர்க் கட்சிக்குத் தலைவர் என்னுடைய அம்மாவன், அதாவது அம்மாவின் தம்பி. அவர் மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார், வந்தால் ஆறு மாசம் அசையமாட்டார். வாயில் சுருட்டு, தலையில் வாசனைத் தைலம், பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட். இரண்டு பேருடைய லீவும் ஒன்றாக விழுந்துவிட்டால் எங்கள் முன்னறை சட்டசபைதான்.

"சிங்கப்பூரில குளாயைத் திருப்பினா தண்ணியாக்கும். கெணறு, கயிறு, வாளி, ஒரு எளவும் வேண்டாம்," என்பார் அம்மாவன்.

"அந்தத் தண்ணி மருந்து மணக்குமாமே ஓய்? எங்க கொளும்புத் தண்ணியைக் குடிச்சுப் பாக்கணும்," என்பார் அத்தான்.

"உங்க கொளும்பில மழை பெஞ்சா முட்டளவு வெள்ளம். பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு வள்ளத்திலயா கொண்டு விடுவீரு?"

"அது கெடக்கட்டும். பச்சைச் சாளை கிடைக்குமா உம்ம சிங்கப்பூரில? அதைச் சொல்லும் முதல்ல."

இந்த இடத்தில் அம்மாவன் கொஞ்சம் திணறுவார். சுருட்டை எடுத்துவிட்டு, சாளை போல ஒரு மீன் உண்டு, ருசி கொஞ்சம் வேறே என்று இழுப்பார். அத்தான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வார். ஒரு பட்டணத்தை அளந்து பார்க்க எங்கள் ஆட்களுக்கு வேண்டியது மூன்றே காரியம். மரச்சீனிக் கிழங்கு கிடைக்குமா, பச்சைச் சாளை கிடைக்குமா, தலைக்குத் தேய்க்க நல்ல தேங்காயெண்ணெய் கிடைக்குமா. லண்டனே ஆனாலும் சாளை இல்லையென்றால் அது பட்டணத்தில் சேர்த்தி இல்லை.

மாமனாருக்கு இது எதுவும் முக்கியம் இல்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி. "நான் செத்தா, தந்தி அடிச்சா, எத்தனாம் நாள் வந்து சேருவான்?" கொழும்பு என்றால் கப்பல் சின்னது, கடல் சின்னது, ரயிலைப் பிடித்து ஓடி வந்துவிடலாம். சிங்கப்பூரிலிருந்து வருவதற்குள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருப்பார்கள். அதனால் அவர் ஓட்டு கொழும்புக்கு. உயிரோடு இருக்கிற என்னை எங்கே வைப்பது என்று நடந்த யோசனையில், இன்னும் சாகாத அவருடைய பிரேதத்துக்குத்தான் முதல் நாற்காலி. காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

இதில் பெரிய கேவலம் ஒன்று உண்டு. குடும்பத்தோடு கொழும்பில் எப்படி வாழலாம் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு பிரசங்கம் பண்ணினாரே அத்தான், அவருடைய குடும்பம் எங்கே? என் பக்கத்தில், அதே அடுக்களையில், சாம்பலைத் தொட்டுச் சாளை கழுவிக்கொண்டு இருந்தது. அந்த அக்காவைக் கல்யாணம் பண்ணி அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கு முன்னேயே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் கொழும்பைப் படத்தில்கூடப் பார்த்தது இல்லை. சிங்கப்பூர்க் குழாய்த்தண்ணீரைப் புகழ்ந்தாரே என் அம்மாவன், அவருடைய பெண்சாதி திருவட்டாற்றில் கிணற்றில் இறைத்து இறைத்துத் தோள்பட்டை இறங்கிப் போய் இருந்தாள். இவர்கள்தான் குடும்ப வாழ்க்கைக்கு வழி சொல்ல வந்தவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன், "அக்கா, நீங்க எப்பம் போவிய கொளும்புக்கு?" அவள் மீன் செதிளை வழித்துப் போட்டுவிட்டு, "எனக்க காலம் கழிஞ்சு மக்களே. நீயாவது சாடிப் போ," என்றாள்.

மகள் எழுந்து நிற்கப் பழகுகிற சமயத்தில், கொழும்பு என்று முடிவாயிற்று. அம்மாவன் அப்போது சிங்கப்பூரில் இருந்ததால் எதிர்க்கட்சி இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. அனுமதிக்கு எழுதிப் போட்டார்கள். மகளுக்கு அம்மை குத்தினோம், பிஞ்சுக் கை வீங்கிப் பிள்ளை இரண்டு நாள் கத்தியது. மார்த்தாண்டத்தில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, மூடியில் வெள்ளை பெயின்டால் கொழும்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

எங்கள் பக்கத்தில் தூரதேசம் போகிறவர்களை வழியனுப்பு ஜெபம் வைக்காமல் அனுப்புவதில்லை. சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வருவார், கோயில்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, போகிறவரை நடுவில் முழங்கால் போடச் சொல்லி ஜெபம் பண்ணுவார்கள். பிறகு சோறும் ஆட்டிறைச்சியும். அதோடு தீர்ந்தது. வழியனுப்பிவிட்டால் நீ போனவள்தான். பிறகும் ஊரில் நின்றால் அது உனக்கு மட்டும் அல்ல, உன் வீட்டுக்கும் வெட்கக்கேடு. ஊரே முழங்கால் போட்டு ஜெபித்து, ஊரே கை நனைத்துவிட்டுப் போன காரியம் அல்லவா? அதனால் மூளை உள்ளவர்கள் அனுமதிச் சீட்டும் டிக்கட்டும் கையில் வந்த பிறகுதான் ஜெபம் வைப்பார்கள். என் மாமனாருக்கு அந்தப் பொறுமை ஏது? அத்தான் லீவில் இருக்கும்போதே வைக்க வேண்டும், கோட்டோடு அவர் நிற்பதை ஊர் பார்க்க வேண்டும். சீட்டு வருவதற்கு முன்னால் ஜெபம் வந்துவிட்டது.

ஜெபம் முடிந்ததும் பொதி வர ஆரம்பித்தது. கொழும்பில் மகன் இருக்கிற ஒவ்வொரு அம்மாவும் ஒரு பொதி கொண்டுவந்தாள். ஏத்தங்காய் வறுத்த உப்பேரி, நெத்திலிக் கருவாடு, உப்பிலிட்ட மாங்காய், இருமலுக்குக் கஷாயப் பொடி. "எனக்க மவன்கிட்ட குடுத்திரு மக்களே, மெலிஞ்சு போனான்னு கேட்டேன்." என் அறையில் கால் வைக்க இடம் இல்லை. அத்தான் கோட்டோடு கப்பலேறிப் போனார், அனுமதி வந்ததும் நான் வருவதாக ஏற்பாடு. அடுத்த மாசம் பதில் வந்தது. அங்கே ராஜாங்கம் புதுச் சட்டம் போட்டுவிட்டது, வெளியாட்கள் குடும்பத்தைக் கொண்டுவருவது இனி லேசு இல்லை, அனுமதி இல்லை. இரண்டு வருஷமாக மழை வெள்ளத்தையும் சாளையையும் பேசினவர்களுக்கு, உள்ளே விடுவார்களா என்று கேட்கத் தோன்றவில்லை!

கருவாட்டைத் திருப்பிக் கொடுக்க மாமனார் விடவில்லை. வாங்கின பொதியைத் திருப்பிக் கொடுத்தால் நாங்கள் போகவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். நானும் அக்காவும் மகளுமாக மாசக்கணக்கில் அந்தக் கொழும்புப் பிள்ளைகளின் உப்பேரியைத் தின்றோம். கோயிலுக்குப் போனால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். "இன்னும் போவல்லியா மக்களே?" கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அது எனக்குத் தெரியாதா? பெண்கள் கூட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். "நீ போனவ தானே," என்றாள் அந்தத் தலைவி அம்மாள், கண்ணெதிரே நிற்கிற என்னைப் பார்த்து. அதற்குப் பிறகு இரண்டாம் மணி அடித்த பிறகுதான் நான் கோயிலுக்குள் நுழைவேன். ஆசீர்வாதம் சொல்லுவதற்கு முன்னால் வெளியே வந்துவிடுவேன்.

கொஞ்ச காலத்தில் என் வீட்டுக்காரருக்கே அங்கே இருக்க அனுமதி தீர்ந்து, அவரும் வந்து சேர்ந்தார். எனக்குச் சந்தோஷம். வேலை போய்விட்டது என்று வீடே துக்கம் கொண்டாடியது, நான் மட்டும் அடுக்களையில் பாட்டுப் பாடிக்கொண்டு ஆப்பம் சுட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு மழைக்காலம் நின்றது. அம்மாவன் வந்து இறங்கினார், டார்ச் லைட்டோடு. "நான் அப்பமே சொன்னேன், கேட்டியளா? கொளும்பு ஒரு ஊராக்குமா?" என்றார். திரும்பிப் போகும்போது என் வீட்டுக்காரரையும் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "ஒரே வருஷம் மக்களே. வீடு பிடிச்சு உன்னை எடுத்திருவோம்." எடுத்திருவோமாம். நான் என்ன, ரயிலில் விட்டுப்போன குடையா?

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கெட்டவர் இல்லை. குடிக்கிறவர் இல்லை. ஆனால் ஒரு காரியத்தைத் தானாக முடிவு பண்ணச் சொன்னால் கை கால் ஆடிப்போகும். அப்பா ஒன்று சொன்னால் சரி என்பார், அண்ணன் வேறொன்று சொன்னால் அதுவும் சரி என்பார், அம்மாவன் மூன்றாவதாக ஒன்று சொன்னால் அதையும் யோசிப்பார். நான் சொன்னால், "அவியகிட்டயும் ஒரு வார்த்தை கேப்போம்," என்பார்.

சிங்கப்பூர் ஏற்பாடு ஒரு வருஷத்தில் முடியவில்லை. மகளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்துவிட்டது. அம்மாவன் மறுபடியும் லீவில் வந்து, இந்தத் தடவை எல்லாம் தயார், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். மகளுக்கு மறுபடியும் அம்மை குத்தினோம். அவள் கையில் இன்றைக்கும் இரண்டு தழும்பு இருக்கிறது, ஒன்று கொழும்புக்கு, ஒன்று சிங்கப்பூருக்கு. பெட்டியை எடுத்துப் போய், கொழும்பின் மேல் ஒரு கறுப்புப் பட்டை அடித்து, அதன் மேல் சிங்கப்பூர் என்று எழுதி வாங்கினார்கள். பெயின்டுக்காரன் கறுப்பைச் சிக்கனமாக அடித்திருந்தான். சாய்த்துப் பார்த்தால் உள்ளே கொழும்பு தெரியும்.

"டிக்கட்டு வரட்டும், பிறகு ஜெபம் வையுங்க மாமா," என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். மாமனார் கேட்கவில்லை. முதல் ஜெபத்தில் பட்ட வெட்கத்தை இரண்டாவது ஜெபத்தில் கழுவ வேண்டும் என்று நின்றார். ஊர் வந்தது. முழங்கால் போட்டேன். முதல் தடவையைவிடப் பெரிய ஆடு. பொதிகளும் வந்தன, இந்தத் தடவை கருவாடு கொஞ்சம் குறைவு, ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரிடமிருந்து தந்தி. அங்கே கடைவீதியில் கலகம், பஸ் ஓடவில்லை, இப்போது வர வேண்டாம். அம்மாவன் தனியாகக் கப்பலேறினார். கலகம் ஓய்ந்த பிறகு வீடு கிடைக்கவில்லை. வீடு கிடைத்தபோது வாடகை கட்டாது. பிறகு அடுத்த வருஷம் பார்ப்போம். அடுத்த வருஷம் என்பதுதான் அவர்கள் எனக்குப் பிடித்துக் கொடுத்த ஊர்.

இரண்டு தடவை வழியனுப்பப்பட்டவள் எங்கள் சபையில் நான் ஒருத்திதான். மாமனார் கோயிலில் முன்வரிசையை விட்டுத் தூண் மறைவுக்கு மாறிக்கொண்டார். மூப்பர் வீட்டு ஜெபம் பலிக்காது என்று யாரோ ஒரு வாயாடி சொன்னது அவர் காதுக்கு வந்திருந்தது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்றால் பொய் இல்லை.

எங்கள் தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் மூன்று பேரும் ஒன்றாக ஊரில் இருந்தார்கள். கொழும்பில் பாஷையை வைத்துத் தகராறு முற்றி, அத்தான் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார், கோட்டு கொடியில் தொங்கியது. அம்மாவனும் அந்தத் தடவை முன்னதாகவே லீவில் வந்திருந்தார், என் வீட்டுக்காரரும் லீவு. ஊரில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெட்டியும் ஜெபமுமாக இத்தனை வருஷம் நான் ஒரு அடி நகரவில்லை, நான் நின்ற மண் திருவிதாங்கூரை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அம்மைகூடக் குத்தாமல். முன்னறையில் அன்றைக்கும் பேச்சு நடந்தது. கொழும்பும் போயிற்று, சிங்கப்பூரும் சரிப்படவில்லை, அப்படியானால் குடும்பத்துக்கு ஏற்றது பினாங்கா, கோலாலம்பூரா?

அன்று சாயங்காலம் மகள் அடுக்களைக்கு வந்தாள். எட்டு வயது. அப்பா வந்ததிலிருந்து அவளை அடுக்களைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் படுக்க வைத்திருந்தோம். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்: "அம்மா, அப்பா எப்பம் போவாவ? நமக்க அறை நமக்கு எப்பம் கிடைக்கும்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மழை எப்போது விடும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்தேன். பெற்ற தகப்பனை விருந்தாளியாக்கிவிட்டார்களே பாவிகள், இனி இவர்கள் பினாங்கைப் பேசி முடிப்பதற்குள் இவளுக்கே கல்யாண வயது வந்துவிடும்.

மறுநாள் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை என்னோடு டிரெயினிங் படித்தவள். "இத்தனை காலம் எங்கட்டி கெடந்த?" என்றாள். "கொளும்பிலயும் சிங்கப்பூரிலயும்," என்றேன். அடுத்த மாசம் வேலைக்கு வா என்றாள். மகளுக்கும் அங்கேயே படிப்பு. சந்தைக்குப் பின்னால் ஓட்டுவீடு ஒன்று பார்த்தேன். இரண்டு அறை, ஒரு அடுக்களை, கிணறு உண்டு, தண்ணீர் கொஞ்சம் உப்பு. பேசி முடித்துவிட்டு, அரைக்கூறு சாளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நேராக உபதேசியார் வீட்டுக்குப் போய், எனக்கு ஒரு வழியனுப்பு ஜெபம் வைக்க வேண்டும் என்றேன். மனுஷன் பயந்துவிட்டார். "மூணாவதா? பினாங்குக்கா மக்களே?"

"மார்த்தாண்டத்துக்கு."

"மார்த்தாண்டத்துக்கு வழியனுப்பு ஜெபம் உண்டுமா?"

"எத்தனை மைலுக்கு மேல உண்டுன்னு சொல்லுங்க உபதேசியாரே, அதுக்குத் தக்க வீடு பாக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததோ, இரக்கம் வந்ததோ, "சனிக்கிழமை சாயங்காலம் வாறேன். ஊர்ப் பேரை ஜெபத்தில வச்சுச் சொல்லுகேன், அதுவரை வாயைத் திறக்கமாட்டேன்," என்றார். வீட்டில் வந்து, சனிக்கிழமை ஜெபம் என்று மட்டும் சொன்னேன். பினாங்கு முடிவாகிவிட்டது போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து நினைத்துக்கொண்டார்கள். அம்மாவன் எழுதிப் போட்டிருப்பார் என்று மாமனார் நினைத்தார். மாமனார் சொல்லியிருப்பார் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். பெண்ணிடம் கேட்கலாம் என்று அப்போதும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முன்னறை நிறைந்து முற்றத்திலும் ஆள் நின்றது. ஆடு இல்லை, மரச்சீனி அவித்து மீன்கறி வைத்திருந்தேன். பினாங்கில் மகன் இருக்கிற ஒரு அம்மாள் பொதியோடு வந்தாள். "இதைத் தபால்ல போடுங்க மைனி, சீக்கிரம் போவும்," என்று திருப்பிக் கொடுத்தேன். பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. நான் மகளோடு நடுவில் முழங்கால் போட்டேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். உபதேசியார் கையைத் தூக்கி, எங்களுடைய இந்த மகளையும் குழந்தையையும் மார்த்தாண்டம் பட்டணத்துக்குச் சுகமாகக் கொண்டு சேர்த்தருளும், அங்கே அவள் செய்யப்போகிற ஆசிரியை வேலையை ஆசீர்வதியும் என்று ஜெபம் பண்ணினார். மூடின கண்ணெல்லாம் திறந்தது. ஆனால் ஜெபத்தின் நடுவில் யார் வாயைத் திறக்க முடியும்? உபதேசியாரும் அன்றைக்குச் சீக்கிரம் ஆமென் சொல்லவில்லை.

ஜெபம் முடிந்து கை கழுவும்போது மாமனார் என் பக்கத்தில் வந்தார். "என்ன வெக்கங்கெட்ட போக்காக்கும் இது? யாரைக் கேட்டு?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாமா, ஊர் ஜெபிச்சாச்சு, ஊர் சாப்பிட்டாச்சு. இனி நான் இஞ்ச நிக்கது மரியாதை இல்ல. மூணாவது தடவையும் போவல்லன்னா நீங்க கோயிலுக்கு எப்பிடிப் போவிய?" என்றேன். மூப்பர் என்னைப் பார்த்தார், முற்றத்தில் கை துடைத்துக்கொண்டிருந்த சபையைப் பார்த்தார், செம்பை வைத்துவிட்டு உள்ளே போனார். இத்தனை வருஷமாக என்னைக் கட்டிப்போட்ட வழக்கம் அது. அவிழ்க்கவும் அதுதான் உதவியது.

காளைவண்டி வாசலில் நின்றது. அத்தானும் அம்மாவனும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பெட்டியின் ஒரு பிடியை நான் தூக்கினேன், மறு பிடியை அக்கா தூக்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது. மகளை ஏற்றினேன். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து எல்லார் முன்னாலும் கேட்டேன். "நீங்களும் வாறியளா?"

அவர் அப்பா உள்ளே போன வாசலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அம்மாவனைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மார்த்தாண்டத்தில கெணத்துத் தண்ணி எப்பிடி?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. "உப்பு," என்றேன். "சாளை கிடைக்கும். மரச்சீனி கிடைக்கும். தண்ணி உப்பு. வாறியளா இல்லியா?"

"உப்புத் தண்ணி பிள்ளைக்கு ஆவாதே," என்றார் அம்மாவன்.

"அதுக்குக் குழித்துறையில வீடு பாத்திருக்கணும். ஆத்துத் தண்ணியாக்கும்," என்றார் அத்தான்.

"குழித்துறையா? மழை பெஞ்சா அங்க..."

கர்த்தாவே, இவர்கள் திருந்தமாட்டார்கள் என்று வண்டிக்காரனைப் போகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்க்காமல் வீட்டுக்குள் போவது தெரிந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் ஏறுகிற இடத்தில் பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். அவர்தான். கக்கத்தில் சவரப் பெட்டி, தோளில் ஒரு வேட்டி. வண்டிக்காரன் நிறுத்துவதற்குள் தொத்தி ஏறிவிட்டார். மூச்சு வாங்கியது. யாரையும் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும், அவருக்கே பயமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மகள் நகர்ந்து, அவருக்கு நிறைய இடம் விட்டு, மரியாதையாக உட்கார்ந்தாள். "அப்பா, ஒங்க லீவு எப்பம் முடியும்?" என்று கேட்டாள். தை மாசம் கப்பல் என்று நான் இடையில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். "இனி லீவு இல்ல மக்களே, நான் போவல்ல," என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு என் பக்கமாக ஒட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை நம்பவில்லை.

அந்த வீட்டில் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. அவர் காலையில் ஆற்றுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவார், சந்தையில் ஒரு அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிற வேலையும் பார்த்துக்கொண்டார். மகள் அவரிடம் கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான். தை பிறந்தது. கப்பல் போகிற நாள் வந்து கழிந்தது. மறுநாள் விடிந்ததும் அவள் எழுந்து, அடுத்த அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். அவர் பாயில் கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த என்னிடம் ஓடி வந்து, காதுக்குள், "அம்மா, அப்பா இன்னும் போவல்ல," என்றாள்.